குடலில் குடியிருப்பவை: வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவர் பதில்களும்

மழை தொடங்கிவிட்டதால் இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வயிற்றைப் பற்றியவை. பெங்களூருவின் பல பகுதிகளிலிருந்து எழுதிய வாசகர்கள், வீட்டில் இருப்பவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்கையும் தாங்கள் வளர்க்கும் ஆடு, மாடு, கோழிக்கு வரும் கழிச்சலையும் ஒரே கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். அப்படிச் சேர்த்துக் கேட்பதே முறை. இரண்டுக்கும் காரணமாக இருப்பவை பெரும்பாலும் ஒரே கிருமிக் குடும்பங்கள்தாம். மனிதருக்கு மருந்துச் சீட்டு எழுத எனக்கு உரிமை இல்லை என்பதால் மாத்திரையின் அளவு கேட்ட கடிதங்களை ஒதுக்கிவிட்டேன்.

அல்சூரிலிருந்து ஒரு வாசகி: என் மகனுக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மலப் பரிசோதனை அறிக்கையில் ஈ. கோலை என்று இருந்தது. மருத்துவர் அது எல்லோருக்கும் இருப்பதுதான் என்று சொல்லி மருந்து தரவில்லை. சென்ற ஆண்டு என் மாமியாரின் சிறுநீரில் அதே ஈ. கோலை வந்தபோது ஒரு வாரம் ஊசி போட்டார்கள். ஒரே கிருமி ஒருவருக்கு இயல்பாகவும் மற்றவருக்கு நோயாகவும் எப்படி இருக்க முடியும்?

பதில்: இரண்டு மருத்துவர்களும் சரியாகவே நடந்திருக்கிறார்கள். 1885-இல் தியோடர் எஷெரிக் என்னும் குழந்தை மருத்துவர் பச்சிளங்குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா இது. குழந்தை பிறந்த ஒன்றிரண்டு நாட்களுக்குள் குடலில் வந்து குடியேறி, அங்கிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்து, ஆக்சிஜன் ஆகாத மற்ற பாக்டீரியாக்கள் வந்து தங்க வழி செய்கிறது. வளர்ந்தவரின் குடலில் உள்ள பாக்டீரியாக்களில் இதன் பங்கு நூற்றில் ஒன்றுகூட வராது. ஆனால் ஆய்வகத் தட்டில் ஒரே இரவில் செழித்து வளர்ந்துவிடும் என்பதால் அறிக்கையில் இதன் பெயர்தான் முதலில் கண்ணில் படும்.

குடலில் இருக்கும்வரை தொந்தரவு இல்லாத அதே கிருமி, சில அங்குலம் நகர்ந்து மூத்திரத் தாரைக்குள் ஏறி, தன் உடலில் உள்ள நுண்ணிய முடிகளால் மூத்திரப்பையின் சுவரைப் பற்றிக்கொண்டால் அது நோய். சிறுநீர்த் தொற்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈ. கோலைதான் காரணம், பெண்களுக்கு மூத்திரத் தாரை குறுகியது என்பதால் அவர்களுக்கு இது அதிகம். உங்கள் மாமியாருக்கு நேர்ந்தது இடம் மாறியதால் வந்த வினை.

இன்னொரு காரணம் வகை. ஈ. கோலை என்ற ஒரே பெயருக்குள் பல நூறு வகைகள் இருக்கின்றன. அவற்றில் சில, நச்சு தயாரிக்கும் மரபணுக்களை வேறு கிருமிகளிடமிருந்தும், பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸ்களிடமிருந்தும் பெற்றவை. கல்கத்தாவில் எஸ். என். டே என்னும் மருத்துவ ஆய்வாளர் முயலின் குடலை நூலால் சிறு சிறு கண்ணிகளாகக் கட்டி, அவற்றுக்குள் கிருமியைச் செலுத்திப் பார்த்தார். 1956-இல் பேதி நோயாளிகளிடமிருந்து எடுத்த சில ஈ. கோலைகள் அந்தக் கண்ணிகளை நீரால் உப்பவைத்ததைக் காட்டினார். 1959-இல் காலராக் கிருமியை வடிகட்டி நீக்கிய பிறகும் எஞ்சிய திரவமே அதைச் செய்கிறது என்று நிறுவினார். அதாவது உடலை வறளவைப்பது கிருமி குடலில் இருப்பது மட்டுமன்று, அது வெளியிடும் நச்சு. நோபல் பரிசு கிடைக்காமல் போன இந்தியர்களைப் பட்டியலிடும்போது இவர் பெயரை நாம் விட்டுவிடுகிறோம் என்பது என் நெடுநாள் வருத்தம்.

வகைகளிலேயே மிகக் கொடியது ஓ157 எனப்படுவது. 1982-இல் அமெரிக்காவில் சரியாக வேகாத மாட்டிறைச்சி பர்கர் சாப்பிட்டவர்களுக்கு இரத்தப் பேதி வந்தபோது இது அடையாளம் காணப்பட்டது. (அதே 1982-இல்தான் ஈ. கோலையின் சாதுவான வகை ஒன்றைக் கொண்டு தயாரித்த மனித இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது.) ஓ157 மாட்டின் பெருங்குடல் முடியும் இடத்தில், ஆசனவாயை ஒட்டிய சில சென்டிமீட்டருக்குள், மாட்டுக்கு ஒரு தீங்கும் செய்யாமல் வாழ்கிறது. அது வெளியிடும் ஷிகா நச்சு பற்றிக்கொள்ள வேண்டிய பொருள் மாட்டின் குடல் இரத்தக் குழாய்களில் இல்லை. மனிதரின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களிலோ அது நிறைய இருக்கிறது. அதனால்தான் மாடு அசைபோட்டுக்கொண்டு நிற்க, அதே கிருமி நூற்றுக்கும் குறைவான எண்ணிக்கையில் ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் போனாலும் சிறுநீரகம் செயலிழக்கும் நிலை வரக்கூடும். 2011-இல் ஜெர்மனியில் இதே நச்சைப் பெற்ற வேறொரு வகை ஏறத்தாழ 4,000 பேரைத் தாக்கி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது, அது வந்த வழி இறைச்சி அன்று. எகிப்திலிருந்து இறக்குமதியான விதையில் முளைகட்டிய வெந்தயம். விதை முளைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் ஏற்றவை. முளைகட்டிய பயறையும் வெந்தயத்தையும் பச்சையாகச் சாப்பிடும் பழக்கம் உள்ள வீடுகளில் சிறு குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டுமாவது அதை ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள்.

சாதாரண மலப் பரிசோதனை ஈ. கோலை இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், எந்த வகை என்று சொல்லாது. ஆகவே அறிக்கையைவிடக் குழந்தையைப் பாருங்கள். மலத்தில் இரத்தம், முகம் வெளிறுதல், சிறுநீர் குறைதல் ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; இரத்தப் பேதியை நிறுத்தும் மாத்திரையைக் கடையில் வாங்கிக் கொடுக்கக் கூடாது.

ஹொசகோட்டையிலிருந்து ஒரு வாசகர்: இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டும் இந்த ஆண்டும் கன்று பிறந்த மூன்றாம் நாள் தண்ணீராகக் கழிந்து, கண் உள்ளே போய், மறுநாள் இறந்துவிட்டது. தாய்க்கு எந்த நோயும் இல்லை. நஞ்சுக்கொடி விழும்வரை பால் ஊட்டக் கூடாது என்று எங்கள் வீட்டுப் பெரியவர் சொல்வதால் அப்படியே செய்கிறோம்.

பதில்: காரணத்தை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். பிறந்த முதல் சில நாட்களில் மட்டும் கன்றின் சிறுகுடல் செல்களில் கே99 எனப்படும் முடியுள்ள ஈ. கோலை ஒட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. கன்று வளர வளர அந்த இடம் மறைந்துவிடும். அதனால்தான் முதல் மூன்று நான்கு நாட்களில் கொல்லும் இந்தக் கிருமி, பதினைந்து நாள் கன்றைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. கொட்டிலின் ஈரத் தரையிலும் தாயின் மடியில் ஒட்டிய சாணத்திலும் அது எப்போதும் இருக்கும். பன்றிக்குட்டிகளில் இதைப் போன்ற வேறொரு வகை உண்டு. அது ஒட்டுவதற்கான இடம் பரம்பரையாகவே இல்லாத குட்டிகள் அதே கொட்டிலில், அதே அழுக்கில் புரண்டும் நோயின்றி வளர்கின்றன.

மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள் வந்துவிடுகிறது. மாட்டின் நஞ்சுக்கொடி அதை விடாது. கன்று எதிர்ப்புப் பொருள் ஏதுமின்றிப் பிறக்கிறது. அதற்குக் கிடைப்பதெல்லாம் சீம்பால் வழியாகத்தான். அந்தப் புரதங்களை முழுதாக உள்ளே விடும் வாசல் கன்றின் குடலில் பிறந்த நிமிடத்திலிருந்தே மூடத் தொடங்கி, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய அடைபட்டுவிடும். நஞ்சுக்கொடி விழ ஆறு, எட்டு, சில மாடுகளில் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை காத்திருந்தால் சீம்பாலின் பாதிப் பயன் போய்விட்டது என்று பொருள். பெரியவர் சொல்வதற்கு உடலியலில் ஆதாரம் இல்லை. கன்று முட்டிக் குடிப்பதே கருப்பையைச் சுருங்கச் செய்து நஞ்சுக்கொடி விழ உதவும் என்று அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

கன்று எழுந்து நின்றதும், முதல் ஒரு மணி நேரத்துக்குள், மடியைக் கழுவித் துடைத்து ஊட்டவிடுங்கள். முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவு சீம்பால் உள்ளே போக வேண்டும்; 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர், அதில் பாதியாவது முதல் ஆறு மணி நேரத்தில். நம் வீடுகளில் சீம்பால் கிளறுவதும், கன்னடக் குடும்பங்களில் கிண்ணு செய்வதும் எனக்கும் பிடிக்கும். ஆனால் அடுப்புக்குப் போவது கன்று குடித்து மிஞ்சியதாக இருக்கட்டும்.

கழிச்சல் கண்டுவிட்டால் பாலை நிறுத்தாமல், இடைவேளைகளில் உப்பு–குளுக்கோஸ் கரைசல் கொடுங்கள். குளுக்கோஸ் சோடியத்தைக் கையோடு குடலுக்குள் இழுத்துச் செல்கிறது, சோடியம் தண்ணீரை இழுக்கிறது. நச்சு பாதித்த குடலிலும் இந்த வழி கெடுவதில்லை. 1971-இல் வங்கதேச அகதிகளுக்கான போங்காவ் முகாமில் காலரா பரவியபோது டாக்டர் திலீப் மஹலநாபிஸ் இந்த ஒரு தத்துவத்தை நம்பிப் பீப்பாய் பீப்பாயாகக் கரைசல் கொடுத்து, 30 சதவீதத்தை ஒட்டியிருந்த இறப்பை 4 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார். மனிதருக்கு நிரூபிக்கப்பட்டது கன்றுக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு வாசகி: மாடியில் பத்து நாட்டுக்கோழிகள் வளர்க்கிறோம். குஞ்சுகள் வெள்ளையாகக் கழிந்து வரிசையாகச் சாகின்றன. பிள்ளைகள் குஞ்சுகளைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். அவர்களுக்குத் தொற்றுமா?

பதில்: வெள்ளையாகக் கழிவதையெல்லாம் வெள்ளைக் கழிச்சல் என்றே சொல்கிறோம். பெரிய கோழிகளும் சேர்ந்து சுருண்டு, கழுத்து திருகிச் செத்தால் அது பெரும்பாலும் ராணிக்கெட். அது வைரஸ், தடுப்பூசி உண்டு. இரண்டு மூன்று வாரத்துக்குட்பட்ட குஞ்சுகள் மட்டும், ஆசனவாயைச் சுற்றிச் சுண்ணாம்பு போல மலம் ஒட்டிக்கொண்டு, கூட்டமாகச் சுருண்டு இறந்தால் சால்மோனெல்லாவின் புல்லோரம் வகையைச் சந்தேகிக்க வேண்டும். தாய்க்கோழியின் சினைப்பையிலிருந்து முட்டைக்குள் போய், பொரிக்கும்போதே குஞ்சோடு வெளிவரும் கிருமி அது. இறந்த குஞ்சு ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பனிக்கட்டி வைத்து, ஹெப்பாளில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனால் உறுதி செய்துகொள்ளலாம்.

உங்கள் கேள்விக்கு விடை சற்று விந்தையானது. குஞ்சுகளை இப்படிக் கொல்லும் புல்லோரம் மனிதருக்கு நோய் தருவது மிக அரிது. கோழி இனத்துக்கென்றே பழகிப்போன கிருமி அது. மனிதரைப் படுக்கவைக்கும் சால்மோனெல்லாவின் என்டெரிடிடிஸ், டைஃபிமூரியம் வகைகளோ பெரும்பாலும் வளர்ந்த கோழியிடம் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை. கொண்டை சிவந்து, தினமும் முட்டையிடும் கோழியின் சினைப்பையில் என்டெரிடிடிஸ் இருக்கலாம். ஓடு விரிசலே இல்லாத சுத்தமான முட்டைக்குள்ளும் அது போய்விடும். ஆகவே சாகும் குஞ்சுக்கு மட்டும் பயந்து நலமாக இருக்கும் கோழியை மடியில் வைத்துக்கொள்வதில் பொருள் இல்லை. எந்தக் கோழியைத் தொட்டாலும் பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்; ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் முத்தமிடக் கூடாது; மஞ்சள் கரு கெட்டியாகும்வரை முட்டை வேக வேண்டும்.

சால்மோனெல்லா என்ற பெயரே டேனியல் சால்மன் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவருடையது. 1885-இல் அவரிடம் பணியாற்றிய தியோபால்ட் ஸ்மித் பன்றிகளில் இதைக் கண்டுபிடித்தார். பெயர் மேலதிகாரிக்குப் போனது. பன்றிக் காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்று அவர்கள் நினைத்தார்கள், பின்னர் அது ஒரு வைரஸ் என்று தெரிந்தது.

கடையில் வாங்கும் கோழிக்கும் ஒரு சொல். கோழிக்கடையில் இறகு நீக்கும் டிரம் சுழல்வதை நின்று பாருங்கள். உள்ளே வரிசையாக ரப்பர் விரல்கள். வெந்நீரில் முக்கிய கோழி அவற்றில் உருளும்போது வயிறு அழுந்தி எச்சம் வெளியே வருகிறது, அது ரப்பரில் படிகிறது, அடுத்த கோழியின் தோலுக்குப் போகிறது. காலையில் ஒரு கோழியின் குடலில் இருந்தது மதியத்துக்குள் எத்தனையோ கோழிகளின் மேல் ஏறிவிடும். அதை வீட்டில் குழாயடியில் பிடித்துக் கழுவினால் தெறிக்கும் துளிகள் பக்கத்தில் வைத்த கொத்தமல்லியிலும் தட்டிலும் விழும். மஞ்சள் தடவினால் கிருமி போகாது. கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, தெறிக்காமல் அலசி, பிறகு தொட்டியையும் கத்தியையும் சோப்பால் கழுவுங்கள். கறி வெட்டிய பலகையிலேயே வெள்ளரிக்காய் நறுக்குவதுதான் உண்மையான ஆபத்து. கறி வேகும், வெள்ளரிக்காய் வேகாது.

பானஸ்வாடியிலிருந்து ஒரு வாசகர்: என் தம்பிக்கு வயிற்றுப்போக்கு வந்து நின்ற பத்தாம் நாள் பாதம் மரத்து, மூன்று நாளில் எழுந்து நிற்க முடியாமல் போயிற்று. ஜி.பி.எஸ். என்று சொல்லி மருத்துவமனையில் வைத்திருக்கிறார்கள். கோழிக்கறியால் வந்தது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். இருக்குமா? வீட்டுக் குழந்தைகளுக்கு ஒட்டுமா?

பதில்: கில்லன் பாரே எனப்படும் இந்த நரம்பு நோய் ஒட்டாது. அதற்கு முன் வந்த வயிற்றுப்போக்கு ஒட்டக்கூடியதே. இந்த நோய்க்கு முன்னோடியாக வரும் தொற்றுகளில் முதலிடம் கேம்பிலோபாக்டர் ஜெஜூனிக்கு. அதன் மேலுறையில் உள்ள சர்க்கரைத் தொடர்கள், நம் நரம்புகளின் மேல் உள்ள சர்க்கரைத் தொடர்களை ஒத்திருக்கின்றன. கிருமியை அழிக்க உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள், கிருமி ஒழிந்த பிறகு நரம்பையே பகை என்று தாக்குகிறது. ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து இது வருவதற்குக் காரணம் இதுவே. கேம்பிலோபாக்டர் தொற்று வந்தவர்களில் ஆயிரத்தில் ஒருவர் அளவுக்குத்தான் இப்படி ஆகும். இரத்த நாளம் வழியாகச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் அல்லது பிளாஸ்மா மாற்று சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பெரும்பாலோர் நாளடைவில் எழுந்து நடக்கிறார்கள், அந்த நாளடைவு மாதக்கணக்கில் இருக்கலாம் என்பதற்கும் நீங்கள் தயாராக இருக்க வேண்டும்.

கோழியின் உடல் வெப்பம் 41, 42 டிகிரி செல்சியஸ். இந்தக் கிருமி விரும்புவதும் அதுவே. ஒரு பண்ணையில் நுழைந்தால் சில நாட்களில் கூட்டம் முழுவதும் பரவிவிடும், கோழிகளோ நன்றாக இரை எடுத்துக்கொண்டிருக்கும். கால்நடை மருத்துவர்கள் இந்தக் குடும்பத்தை 1906-லேயே ஆடுகளின் கருச்சிதைவில் பார்த்துவிட்டார்கள். மனிதரின் வயிற்றுப்போக்கில் இதன் பங்கு 1970-களில்தான் தெளிவாயிற்று. ஆக்சிஜன் குறைவாகவும் வெப்பம் அதிகமாகவும் இருந்தால்தான் இது ஆய்வகத்தில் வளரும். அப்படி வளர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதை முழுதாக ஏற்க மாட்டேன். 2025 ஜனவரியில் புனேயின் ஒரு பகுதியில் ஜி.பி.எஸ். திடீரெனப் பெருகியபோது நோயாளிகள் சிலரின் மலத்தில் கேம்பிலோபாக்டர் கிடைத்தது. சந்தேகம் முதலில் விழுந்தது குடிநீரின் மேல். நம் ஊரில் காவிரித் தண்ணீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் குழாயில் வந்து, குளோரின் கலந்து, கடைசியில் விழுவது வீட்டு முன்பு தரைக்கடித் தொட்டியான சம்ப்பில். அந்தச் சம்ப்பின் மூடி சாலை மட்டத்தில் இருந்தால், மழை பெய்து சாக்கடை பொங்கும் நாளில் என்ன உள்ளே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டேங்கர் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. சம்ப்பைச் சுற்றிக் கட்டை கட்டி உயர்த்துங்கள். மழைக்காலம் முழுவதும் குடிநீரைக் கொதிக்கவையுங்கள்.

அத்திபெலேயிலிருந்து ஒரு வாசகர்: கிருஷ்ணகிரிப் பக்கம் எங்கள் ஊரில் மழைக்குப் பின் புல் முளைத்ததும் மந்தையில் கொழுத்த ஆடுகளாகப் பார்த்துத் துள்ளித் துடித்துச் சாகின்றன. இது எதனால்? அந்தக் கறியைச் சாப்பிடலாமா?

பதில்: இதுவே துள்ளுமாரி. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவின் டி வகை, நலமான ஆட்டின் குடலிலும் கொஞ்சம் இருக்கும். வறண்ட புல்லில் இருந்த ஆடு திடீரென இளம்புல்லையோ தானியத்தையோ வயிறு புடைக்கத் தின்னும்போது, செரிக்காத மாவுச்சத்து சிறுகுடலுக்குள் வழிந்து, கிருமி மணிக்கணக்கில் கோடிகளாகப் பெருகி, எப்சிலான் எனப்படும் நச்சை வெளியிடுகிறது. நிறையத் தின்பது நலமான கொழுத்த ஆடு, ஆகவே சாவதும் அதுவே. சிகிச்சைக்கு நேரம் கிடைக்காது. மழைக்கு முன் ஆண்டுதோறும் தடுப்பூசி, முதல் மழைப் புல்லில் காலை நேரம் முழுவதும் மேயவிடாமல் இருப்பது, தீவனத்தைச் சிறிது சிறிதாக மாற்றுவது ஆகியவைதான் வழி.

தானாகச் செத்த ஆட்டைச் சாப்பிடக் கூடாது. துள்ளுமாரிக்காக மட்டும் சொல்லவில்லை. திடீர்ச் சாவு அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயாலும் வரும். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத இரத்தம் கசிந்தால் அதைக் கத்தியால் தொடவே கூடாது, தோலுரிப்பவரின் கைப்புண் வழியே நோய் ஏறும். அதை அறுக்காமல் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

பெர்ஃப்ரிஞ்சன்ஸ் மனிதருக்கும் நன்கு பழகியதே. அதன் ஏ வகையை நீங்கள் கல்யாண வீட்டில் சந்தித்திருப்பீர்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு தம் பிரித்த பிரியாணி அண்டா, மூடிய மூடியோடு மறுநாள் மதியம்வரை இருக்கிறது. கொதிக்கும்போது கிருமி சாகும், அதன் வித்து சாகாது. அண்டாவின் நடுப்பகுதி 45 டிகிரி வெப்பத்தில் பல மணி நேரம் நிற்கும்போது வித்து முளைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. சாப்பிட்ட எட்டு முதல் பதினான்கு மணி நேரத்தில், காய்ச்சல் இல்லாமல், வாந்தியும் பெரும்பாலும் இல்லாமல், வயிற்றைப் பிசையும் பேதி வரும். ஒரு நாளில் நின்றுவிடும். சாப்பிட்ட சில மணிக்குள் வாந்தி வந்தால் குற்றவாளி பெரும்பாலும் இது அன்று, சோற்றில் வளரும் பாசில்லஸ் சீரியஸ். முன்னதை மறுபடி நன்றாகக் கொதிக்கவைத்தால் கொல்லலாம். பின்னதின் வாந்தி நச்சு சூட்டுக்கு அசையாது. எனவே மீந்ததை உடனே அகலமான தட்டுகளில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைப்பதே சரி.

சி வகை இன்னும் விசித்திரமானது. அது பிறந்த சில நாட்களே ஆன பன்றிக்குட்டியின் குடலை அழுகவைக்கும், ஏனென்றால் சீம்பாலில் உள்ள ஒரு பொருள் டிரிப்சின் என்ற செரிமான நொதியை அடக்கிவைக்கிறது; டிரிப்சின் இருந்தால் அந்த நச்சு சிதைந்திருக்கும். பப்புவா நியூகினியின் மலைநாட்டில் பன்றி விருந்துக்குப் பின் குழந்தைகள் இதே விதமாகக் குடல் அழுகி இறந்தார்கள். அன்றாடம் சர்க்கரைவள்ளிக் கிழங்கையே உண்டு புரதம் குறைந்திருந்த அவர்களின் குடலில் டிரிப்சின் குறைவு, கிழங்கிலும் அதை அடக்கும் பொருள் உண்டு. விருந்துக் கறியில் வந்த நச்சைச் சிதைக்க உள்ளே ஏதும் இல்லை. பன்றிக்குட்டிக்கும் மலைநாட்டுக் குழந்தைக்கும் ஒரே நோய், ஒரே காரணத்தால்.

சிவாஜிநகரிலிருந்து ஒரு வாசகி: இரண்டு ஆண்டில் என் மகளுக்கு இரண்டு முறை டைபாய்டு. வீட்டு நாயால் வருகிறது, அதை அனுப்பிவிடு என்கிறார் மாமனார்.

பதில்: நாய் நிரபராதி. டைபாய்டுக் கிருமியான சால்மோனெல்லா டைஃபி மனிதரிடம் மட்டுமே வாழ்வது. குணமானவர்களில் சிலரின் பித்தப்பையில் அது ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். நியூயார்க்கில் சமையல் வேலை செய்த மேரி மல்லன் தனக்கு நோயே இல்லை என்று உறுதியாக நம்பியபடி பலருக்குப் பரப்பியதும், 1907-இல் பிடிபட்டதும் ஊரறிந்த கதை. தேட வேண்டிய இடம் நாய்க்கூடு அன்று. தண்ணீர், வெளியே வாங்கும் சட்னி, பானிபூரி, வீட்டில் சமைப்பவரின் கை. இன்னொன்றும் சந்தேகிக்கிறேன்: இரண்டு முறையும் விடால் என்னும் இரத்தப் பரிசோதனை மட்டும் செய்தார்களா? பழைய தொற்றாலும் வேறு காய்ச்சலாலும்கூட அது பாசிட்டிவ் காட்டும். அடுத்த முறை மருந்து தொடங்கும் முன், இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் எடுக்கச் சொல்லுங்கள். ஆறு மாதக் குழந்தையிலிருந்தே போடக்கூடிய டைபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசி இருக்கிறது. குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு வாசகர்: பேதி வந்தால் மருந்துக்கடையில் நார்ஃப்ளாக்சசின் – டினிடசோல் மாத்திரை வாங்கிப் போடுவேன், இரண்டு நாளில் நின்றுவிடும். கூடவே தயிர் சாப்பிட்டால் போதும்தானே?

பதில்: மாத்திரை போடாமல் இருந்தாலும் இரண்டு நாளில் நின்றிருக்கும், பெரும்பாலான பேதிகள் அப்படித்தான். மாத்திரை செய்தது வேறு வேலை. குடலின் நிலையான குடிகளைக் கொன்று இடத்தைக் காலி செய்தது. அந்தக் காலியிடத்துக்குக் காத்திருப்பது கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில். 1935-இல் ஆரோக்கியமான பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் கண்டெடுக்கப்பட்டு, சாது என்று ஒதுக்கப்பட்டது இது. 1978-இல்தான் ஆன்டிபயாடிக் சாப்பிட்டபின் வரும் கடும் பெருங்குடல் அழற்சிக்கு இதுவே காரணம் என்று தெரிந்தது. குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, தாத்தாவைக் கொன்றுவிடும். அதன் வித்தை ஆல்கஹால் சானிடைசர் கொல்லாது. மருத்துவமனையில் இந்த நோயாளியைப் பார்த்துவிட்டு வந்தால் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு நலமானவரின் மலத்திலுள்ள பாக்டீரியாக் கூட்டத்தையே குடலுக்குள் செலுத்திக் குணப்படுத்துகிறார்கள். மாடு அசைபோடுவதை நிறுத்தினால் நலமான மாட்டின் வயிற்றுச் சாற்றைக் குடிக்கக் கொடுப்பது எங்கள் தொழிலில் பழைய வைத்தியம்; மனித மருத்துவம் எங்களிடம் வந்து சேர்ந்ததில் எனக்குச் சிறு மகிழ்ச்சி.

தயிர் நல்லது, ஆனால் இழந்த நூற்றுக்கணக்கான வகைகளுக்கு அது ஈடாகாது. இன்னொரு பக்கமும் உண்டு. கோழித் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கலந்துவந்த கொலிஸ்டின், தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசியாகக் கையில் எடுக்கும் ஆன்டிபயாடிக். 2015-இல் சீனாவில் அதை எதிர்க்கும் மரபணு ஒன்று பன்றியிலும் மனிதரிலும் உள்ள ஈ. கோலைகளில், ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடிய வடிவில் கண்டுபிடிக்கப்பட்டது. 2019-இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தது. தாமதமான, ஆனால் சரியான முடிவு. பண்ணைக்காரரைக் குறை சொல்லும் நாம் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் அதே காரியத்தைச் செய்கிறோம். பேதிக்கு முதலில் வேண்டியது ஓ.ஆர்.எஸ்.; ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரையுங்கள், பாதியைத் தம்ளரில் கரைக்கக் கூடாது.

ஹொரமாவிலிருந்து ஒரு வாசகி: கண்ணெதிரே கறந்த பாலைக் காய்ச்சாமல் குடித்தால் சத்து அதிகம் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: காய்ச்சினால் சில வைட்டமின்கள் சற்றுக் குறையும், புரதமும் கால்சியமும் அப்படியே இருக்கும். காய்ச்சாவிட்டால் மடியில் ஒட்டிய சாணத்தின் ஈ. கோலை, கேம்பிலோபாக்டர், சால்மோனெல்லா, காசநோய்க் கிருமி, கருச்சிதைவு நோய்க் கிருமி ஆகியவையும் சேர்ந்து கிடைக்கும். பாக்கெட் பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கி இவற்றைக் கொல்கிறார்கள். கறந்த பாலை வீட்டில் ஒருமுறை பொங்கவிட்டு இறக்கினால் போதும். சுண்டக் காய்ச்ச வேண்டியதில்லை.